உள்தாழ்ப்பாள்

கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
8 மார்ச் 1964

தம்பி மருதப்பனுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. நல்லா இல்லைன்னாலும் நீ சொல்ற ஆள் கிடையாது. சின்ன வயசுல கால்ல ஆணி குத்தினப்பவே ரத்தத்தோட பள்ளிக்கூடம் போயிட்டு வந்து, சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காதவன் நீ. அதனால என் சேதியைச் சொல்லிடறேன்.

உன் அத்தான் வீட்டை விட்டு வந்துட்டேன். வலிப்பு வர்ற பொம்பளையை வச்சுக்கிட்டு மத்த பிள்ளைங்களுக்கு எப்படிக் கல்யாணம் பண்றதுன்னு மாமியாருக்குக் கவலை. விருந்தாளி வந்தா என்னை ஸ்டோர் ரூம்ல விட்டு வெளிப்பக்கம் பூட்டுவாங்க. வலிப்பு வந்தா கையில இரும்பு இருக்கணும்னு அதே சாவிக்கொத்தை என் கையில திணிப்பாங்க. கண்ணு முழிச்சுப் பார்த்தா என்னைப் பூட்டின சாவி என் உள்ளங்கையிலதான் இருக்கும். எழுந்து உக்கார்ந்ததும் திருப்பி வாங்கிக்குவாங்க. ஒரு நாள் திருப்பிக் குடுக்கல. அவ்வளவுதான் நடந்துச்சு.

இப்ப மிசஸ் தங்கராஜு பார்த்துக்கறாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்து போக்கிடம் இல்லாத பொம்பளைங்களுக்காக அவங்களும் நாலு பேரும் சேர்ந்து ஒரு கமிட்டி வச்சிருக்காங்க. கெர்பாவ் ரோட்டுல ஒரு கடைவீட்டு மாடியைப் பிடிச்சுக் குடுத்திருக்காங்க. பலகை அடிச்சுத் தடுத்த அறைகள், பலகை கூரை வரைக்கும் போகாது. நாங்க மூணு பேர். ஆமினா பீவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோச்சு, ஆனா நாக்கு மட்டும் நாலு பேருக்கு வேலை செய்யும். லீலாவுக்குப் பத்தொன்பது வயசு, எனக்கு இருக்கற அதே வியாதி. பிஸ்கட் ஃபேக்டரியில மெஷின் பக்கத்துல விழுந்தான்னு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க.

விஷயத்துக்கு வர்றேன். ஃபேரர் பார்க் பக்கத்துல ஒரு புண்ணியவான் நிலம் குடுத்திருக்கார். அங்க எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே வீடு கட்டப் போறாங்க. என் தம்பி கூச்சிங்ல டிராஃப்ட்ஸ்மேன், அவன் பிளான் வரைஞ்சு தருவான்னு நான் வாக்குக் குடுத்துட்டேன். உன்னைக் கேக்காம குடுத்ததுக்குக் கோவிச்சுக்காத.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஆளுக்கு ஒரு அறை, அதுல உள்பக்கம் தாழ்ப்பாள். நான் போடணும், நான் திறக்கணும். சமையல், சாப்பாடு, வம்பு எல்லாம் சேர்ந்தே வச்சுக்கலாம், அதுக்கு நாங்க ரெடி.

அக்கா,
சிவகாமசுந்தரி


கூச்சிங்
2 ஏப்ரல் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் வந்தது சரிதான். அதைப் பற்றி வேறு எழுதத் தெரியவில்லை.

பிளான் இத்துடன் இருக்கிறது. ஒரே நீளக் கூடம். இரு பக்கமும் கட்டில்கள். கோடியில் பொறுப்பாளர் அறை, அதற்குப் பெரிய கண்ணாடி ஜன்னல். அவர் தலையை நிமிர்த்தினால் எல்லாக் கட்டிலும் தெரியும். கூடத்துக்குள் கதவு என்பதே கிடையாது. குளியலறைக்குத் திரை மட்டும். காற்றோட்டம் நன்றாக இருக்கும். செலவும் குறையும்.

நீங்கள் கேட்ட தாழ்ப்பாளை நான் வரையவில்லை. வரைய முடியாது. காரணம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கும் இதே வியாதி. அம்மா குளியலறையில் விழுந்தபோது நீங்கள் கல்யாணமாகிப் போயிருந்தீர்கள். வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். தாழ்ப்பாள் லேசான தாழ்ப்பாள், இரண்டு இடியில் பெயர்ந்துவிட்டது. ஆனால் கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அம்மா அதன்மேல் சாய்ந்து கிடந்தார்கள். நான் தள்ளத் தள்ள அம்மாவைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து கீல் பக்கம் உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்றைக்கும் ஒரு கதவை வரையும்போது என் கை முதலில் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் பார்க்கிறது. ஆகவே அக்கா, கோபப்படாமல் இந்தக் கூடத்தைப் பாருங்கள். யாராவது ஒருவர் உங்களை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

சைட்டில் கால் தடுக்கி விழுந்து உதடு கிழிந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

தம்பி,
மருதப்பன்


கெர்பாவ் ரோடு
25 ஏப்ரல் 1964

மருதா,

உன் பிளானைத் தரையில விரிச்சு மூணு பேரும் சுத்தி உக்கார்ந்து பார்த்தோம். ஆமினா பீவி முதல்ல கேட்டாங்க, இது மாட்டுக் கொட்டாயா பள்ளிக்கூடமான்னு.  லீலா, அக்கா இது ஆஸ்பத்திரி வார்டு லா, நான் வார்டுக்குத் திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

கண்ணாடி ஜன்னல் வச்சிருக்கியே, அதுக்குப் பின்னாடி உக்கார்ந்து இருபத்து நாலு மணி நேரமும் எங்களைப் பார்க்கப் போறது யாரு? தேக்கா மார்க்கெட் கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பலகாரம் வச்சிருக்கற மாதிரி நாங்க படுத்திருக்கணும், இல்லையா?

உனக்குத் தெரியாததைச் சொல்றேன். நீ ஆம்பளை, கூசாம படி. வலிப்பு வந்தா சேலை எங்க போகுதுன்னு தெரியாது. நுரை தள்ளும். பாவாடை நனைஞ்சு போகும். முழிக்கும்போது சுத்தி முகங்களா நிக்கும். சிலது பாவம்னு பார்க்கும், சிலது சும்மா பார்க்கும். ஆஸ்பத்திரியில ஒரு தடவை முழிச்சப்ப, பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்திருந்த ஆளுங்க ஆரஞ்சுப்பழம் உரிச்சுத் தின்னுக்கிட்டே என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த வாசனை அடிச்சா இன்னிக்கும் நான் எழுந்து போயிடுவேன். சாவு ஒரு தடவைதான் வரும். இது மாசத்துக்கு ரெண்டு தடவை வருது.

அம்மாவை நான் மறக்கல. ராத்திரி படுக்கறப்ப எனக்கும் பயம்தான். விடிஞ்சு கண்ணைத் திறந்ததும் முதல்ல கை விரலை அசைச்சுப் பார்த்துக்குவேன். அந்தப் பயம் என்னோடது, நான் வச்சுக்கறேன். நீ அதை எடுத்துக் கண்ணாடி ஜன்னலாக் கட்டாத.

இன்னொண்ணு. நான் யார்கிட்டயும் கேக்கல. வடிவேலு ஆசாரியைக் கூப்பிட்டு இங்க மூணு அறைக்கும் உள்தாழ்ப்பாள் போட்டாச்சு. அன்னிக்குத்தான் லீலா வந்த நாள்ல இருந்து முதல் தடவையா நிம்மதியாத் தூங்கினா.

சிவகாமி


கூச்சிங்
11 மே 1964

அக்கா,

உடனே கழற்றச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே அந்த ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

கெர்பாவ் ரோட்டு அறைக்கதவுகள் உள்பக்கம் திறப்பவை. அந்த மாதிரி மாடிகளை எனக்குத் தெரியும். மூன்று அறைக்கும் அம்மாவின் கதவை வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் வெட்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வெட்கப்பட ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா?

நான் தூங்கிப் பல நாளாகிறது. கண்ணை மூடினால் உங்கள் குரல் கதவுக்குப் பின்னால் கேட்கிறது. இங்கேயும் நிலைமை சரியில்லை. பக்கத்து நாட்டோடு சண்டை, எல்லையில் சுடுகிறார்கள், காட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்வரை நிச்சயமில்லை. குவாட்டர்ஸில் எல்லோரும் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் படுக்கிறோம். சைக்கிளைக்கூட விற்றுவிட்டேன், நடந்துதான் ஆபீஸ் போகிறேன்.

தாழ்ப்பாளைக் கழற்றியதாகக் கடிதம் வந்தால்தான் நான் பிளானில் கை வைப்பேன். இல்லாவிட்டால் கமிட்டி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

மருதப்பன்


கெர்பாவ் ரோடு
6 ஆகஸ்டு 1964

மருதா,

நீ எழுதல, நானும் எழுதல. வீம்புக்கு நம்ம வீட்டுல பஞ்சமா? மலாய்க்காரங்களும் சீனங்களும் அடிச்சுக்கிட்ட கலவரச் சேதி கேட்டு நீ அடிச்ச தந்தி வந்துச்சு. உயிரோடதான் இருக்கேன். ஆனா நீ பயந்தது நடந்துச்சு. எனக்கு இல்ல, லீலாவுக்கு.

கலவரம் ஆரம்பிச்ச மறுநாள். பகல்லயே ஊரடங்குச் சட்டம் போட்டுட்டாங்க. தேக்கா பக்கம் ஈ காக்கா இல்ல. பால் வரல, கீழ கடை வாசல் அஞ்சடி நடைபாதையில ஒரு ஆள் நடமாட்டம் இல்ல. எங்கேயோ தூரத்துல சத்தம் கேக்கும், உடனே நின்னுடும். நின்னப்புறம்தான் கூடுதலாப் பயமா இருக்கும். நானும் ஆமினா பீவியும் அடுப்படியில அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தோம். லீலா அறையில பலகை தடதடன்னு அதிர்ந்துச்சு. எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு.

ஓடிப் போய்த் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருந்தா. ஆமினா பீவி உலக்கையைக் குடுத்தாங்க, இடிச்சேன், தாழ்ப்பாள் பெயர்ந்துச்சு. கதவு ரெண்டு விரல் அளவு திறந்துச்சு, அப்புறம் திறக்கல. கதவுக்குப் பின்னாடி அவ கிடந்தா. நான் தள்ளும்போது அந்தப் பக்கம் மெத்துன்னு ஒரு கனம் நகர்ந்துச்சு. தம்பி, அந்தக் கனத்தைத்தான் நீ அத்தனை வருஷமாத் தூக்கிக்கிட்டுத் திரியறேன்னு அப்பதான் என் கைக்குத் தெரிஞ்சுச்சு. நீ எழுதினதைப் படிச்சப்பகூடத் தெரியல.

நல்ல வேளை, பலகை கூரை வரைக்கும் போகாது. அரிசி டின்னை இழுத்துப் போட்டு ஏறி அந்தப் பக்கம் குதிச்சேன். உயரத்துல ஏறக் கூடாதுன்னு டாக்டர் எனக்குச் சொல்லி வச்சிருக்கார், அதெல்லாம் அப்ப யாருக்கு ஞாபகம்? முகம் பாயில அமுங்கிக் கிடந்தா, உதடு நீலமாயிருந்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு வாயைத் துடைச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு மூச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு. நான் கத்தின கத்துல கீழ்வீட்டுல இருக்கற பாபா சீனக் குடும்பத்து நோன்யா அம்மா தடியை ஊன்றிக்கிட்டு மாடியேறி வந்துட்டாங்க. டாக்டரைக் கூப்பிட வழியில்ல, வெளிய கால் வச்சா பிடிச்சுட்டுப் போவாங்க. நெத்திக் காயத்துக்குத் துணி கட்டிட்டு மூணு பேரும் அவளைப் பார்த்துக்கிட்டே உக்கார்ந்திருந்தோம்.

முழிச்சா. என்னைப் பார்த்தா, ஆமினா பீவியைப் பார்த்தா, அந்த அம்மாவைப் பார்த்தா. பிழைச்சேனான்னு கேக்கல. தண்ணி கேக்கல. "யாரெல்லாம் பாத்தாங்க?"ன்னு கேட்டா.

எனக்கு அழுகை வந்துடுச்சு. நீ சொன்னது சரி. அவ கேட்டதும் சரி. இப்ப என்ன பண்றது, சொல்லு.

தாழ்ப்பாள் பெயர்ந்ததோட கிடக்கு, மத்த ரெண்டையும் கழட்டிட்டேன். லீலா இப்பத் தூங்கறதே இல்ல. பேயறைஞ்ச மாதிரி சுவத்துல சாய்ஞ்சு உக்கார்ந்திருக்கா. கதவு திறந்திருந்தா யாராவது பார்த்துடுவாங்கன்னு பயம், மூடியிருந்தா செத்துடுவோம்னு பயம். அவளுக்கு ஒரு கதவு வரைஞ்சு குடுடா.

எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஊரடங்கு நாள்ல கீழ்வீட்டு அம்மா எங்களையும் கூப்பிட்டுத் தன்னோட உக்கார வச்சுக்கிட்டாங்க. பாபா வீடுகள்ல வாசக்கதவுக்கு முன்னாடி இன்னொரு அரைக்கதவு இருக்குமே, பார்த்திருப்ப. பெரிய கதவைக் காத்துக்காகத் திறந்து வச்சு அரைக்கதவை மட்டும் சாத்தியிருந்தாங்க. தெருவுல ரோந்து போற போலீஸ்காரனுக்கு நாங்க தெரியல. எங்களுக்கு அந்த ஆளோட பூட்ஸ் தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு தடவை பூட்ஸ் நின்னு திரும்பிப் போறப்பவும் நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கீழ் இடைவெளியையே பார்த்துக்கிட்டு இருந்தோம். முகம் தெரியாமலே ஆள் நிக்கறானா போறானான்னு தெரியுது, பாரு. தரையில விழுந்து கிடந்தாலும் தெரியுமில்ல?

அக்கா


கூச்சிங்
30 ஆகஸ்டு 1964

அன்புள்ள அக்காவுக்கு,

லீலாவிடம் சொல்லுங்கள், கதவு வரைந்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்தேன். பழைய கூடத்தைக் கிழித்துப் போட்டேன், அதன் கண்ணாடி ஜன்னலோடு.

ஒரு நீள வராந்தா. அதன் ஒரு பக்கம் வரிசையாகச் சிறு அறைகள். அறைகளுக்கு எதிர்ப்பக்கம் சமையலறை. அங்கே பகலெல்லாம் யாராவது ஒருவர் இருப்பார்கள் என்று நம்புகிறேன், ஆமினா பீவி அம்மா இருக்கும்வரை கவலையில்லை. ஒவ்வொரு அறைக்கும் நீங்கள் சொன்ன அரைக்கதவு. நின்றால் தோள் வரை மறைக்கும். கீழே ஒரு முழம் இடைவெளி. சமையலறையிலிருந்து பார்த்தால் எந்த அறையிலும் முகம் தெரியாது, கட்டில் தெரியாது. தரை மட்டும் தெரியும். கதவு இரண்டு பக்கமும் ஆடும், எந்தப் பக்கம் யார் விழுந்தாலும் மறுபக்கம் திறக்கலாம். தாழ்ப்பாள் உள்பக்கம்தான், மரத்தாலானது. வெளியே இருப்பவர் கதவுக்கு மேலே கையை விட்டு எடுத்துவிடலாம். குளியலறைக்கும் இதே கதவு. சுவர் ஆள் உயரத்துக்கு மேல் ஓட்டை ஓட்டையான ஜாலி வேலை, சத்தம் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஒரு ஆணி, அதில் ஒரு போர்வை. யார் உள்ளே போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். முதலில் முகத்தைத் திருப்பி மூச்சைப் பார்க்க வேண்டும், அடுத்த வேலை போர்த்துவது. அதற்கப்புறம்தான் மற்றவர்களைக் கூப்பிடலாம். ஒருவர் போதும் என்றால் மற்றவர்கள் வரவே வேண்டாம். லீலா கேட்ட கேள்விக்கு "ஒரே ஒரு ஆள்" என்று பதில் சொல்ல முடிய வேண்டும்.

சும்மா சும்மா குனிந்து பார்க்கக் கூடாது என்றும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் போகிறவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். உள்ளே இருப்பவர் 'இருக்கேன்' என்றால் நிற்காமல் போய்விட வேண்டும். பதில் வராவிட்டால்தான் குனிவது.

விழுந்து எழும்போது முதலில் கண்ணுக்குத் தெரிவது கட்டில் கால்தான். அது எந்த வீட்டுக் கட்டில் என்று கொஞ்ச நேரத்துக்குப் புரியாது. பக்கத்தில் பேசுவது கேட்கும், ஆனால் அர்த்தம் ஏறாது. தன் பெயரே யாரோ இன்னொருவர் பெயர் மாதிரி இருக்கும். ஆகவே முழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது. "இது உன் அறை" என்று மட்டும் சொன்னால் போதும். கட்டில் கால்களை உருண்டையாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன், கூர்முனை நெற்றியைக் கிழிக்கும்.

நடுவில் இரண்டு நாள் எழுத முடியவில்லை, அதனால்தான் மை நிறம் மாறியிருக்கிறது. நாக்கில் புண், கஞ்சிதான் குடிக்கிறேன். பிளானில் மருந்து அலமாரி காட்ட வேண்டும். நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதுங்கள். முதல் முறை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

தம்பி,
மருதப்பன்


கெர்பாவ் ரோடு
12 செப்டம்பர் 1964

மருதப்பா,

மறுபடி ஊரடங்கு வந்து போச்சு. இந்தக் கடிதம் எப்ப உன் கையில கிடைக்குமோ தெரியல, அதுதான் இப்ப என் பெரிய பயம். பிளான் கமிட்டிக்குப் பிடிச்சிருக்கு. மிசஸ் தங்கராஜு அந்தப் போர்வை ஆணியை விரலால தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. லீலா இப்பவே கதவைப் பாதியா அறுத்துக்கிட்டா. ஆமினா பீவி பேர் சொல்லிக் கூப்பிடறதும் இவ உள்ள இருந்து இருக்கேன்னு சொல்றதும் நாள் முழுக்க நடக்குது. நேத்துத் தூங்கினா.

அது கிடக்கட்டும். உன் கடிதத்தை லீலாவுக்கு வாசிச்சேன். கட்டில் கால் வரைக்கும் வந்ததும் நிறுத்தச் சொன்னா. இது உங்க தம்பிக்கு எப்படித் தெரியும்னு கேட்டா. நான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். யோசிச்சுப் பார்த்தேன். சேலை விலகறது, நனையறது எல்லாம் எழுதினேன். முழிக்கும்போது தன் பேரே வேற யாரோட பேர் மாதிரி இருக்கும்னு நான் உனக்கு எழுதினதே இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல. அதைச் சொல்ல வார்த்தை உண்டுன்னே நீ எழுதினப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. விழாதவனுக்கு அது தெரியாது.

உடனே உன் கடிதம் எல்லாத்தையும் எடுத்து வச்சு மறுபடி படிச்சேன். உதடு கிழிஞ்சுது. சைக்கிளை வித்த. ரெண்டு நாள் எழுத முடியல. நாக்குல புண்ணு, மருதா, நாக்குல புண்ணு எப்படி வரும்னு எனக்கா தெரியாது? அம்மா குடுத்தது எனக்கு மட்டும்தான்னு இத்தனை நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். உனக்காக நிம்மதியாக்கூட இருந்தேன்.

மாத்திரைச் சீட்டு இத்தோட இருக்கு. ஆனா டாக்டர் பார்க்காம ஒண்ணுகூட வாயில போடாத, இது விளையாட்டில்ல.

இதுக்கு மேல எழுத முடியல. தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கறேன்னு எழுதியிருந்த. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பதில் எழுது, மறைக்காம எழுது.

உன் அறைக்கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

அக்கா


கூச்சிங்
27 செப்டம்பர் 1964

அக்கா,

உள்பக்கம்.

எழுத்துத் தமிழ்ல இதை எழுத வரல, பேசற மாதிரியே எழுதறேன். பிப்ரவரியில முதல் தடவை வந்துச்சு, சைட்ல. வெயில்னு எல்லாரும் நெனச்சாங்க, நானும் அப்படியே சொல்லிட்டேன். அப்புறம் வந்ததெல்லாம் என் அறையில. ஆபீஸ்ல தெரிஞ்சா ஏணி ஏற விடமாட்டாங்க. சைட் போகாத டிராஃப்ட்ஸ்மேனை எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்க? அதனால தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் அதைப் போடும்போது அம்மா ஞாபகம் வரும். ஆனாலும் போடுவேன்.

உங்களுக்குக் கண்ணாடி ஜன்னல் வரைஞ்சவன் நான். நீங்க தாழ்ப்பாள் போட்டீங்கன்னு சண்டை பிடிச்சவன் நான். யாராவது என்னைப் பார்த்துக்கணும்னு ஆசை, யாரும் என்னைப் பார்த்துடக் கூடாதுன்னு பயம். ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள எப்படி இருக்குன்னு தெரியல. லீலாவுக்குத் தெரியும்னு நெனைக்கறேன்.

உங்க கடிதம் சனிக்கிழமை வந்துச்சு. கடைசி வரியைப் படிச்சிட்டுக் கதவைப் பார்த்துக்கிட்டே உக்கார்ந்திருந்தேன். அப்புறம் பக்கத்து அறை இப்ராஹீமைக் கூப்பிட்டேன். ஸ்டோர்ல வேலை பார்க்கறவர், நாகூர்க்காரர், இத்தனை நாளும் காலையில தலையசைச்சுக்கறதோட சரி. சொல்ல ஆரம்பிச்சு, பாதியில உங்க கடிதத்தையே கையில குடுத்துட்டேன். படிச்சு முடிச்சு மடிச்சுக் குடுத்தார். பாவம்னு ஒரு வார்த்தை சொல்லல. அவர் அறைக்குப் போனார். அவ்வளவுதான், இனி ஆபீஸ் முழுக்கத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன். 

ரம்பத்தோட திரும்பி வந்தார்.

ரெண்டு பேரும் சேர்ந்து கீலைக் கழட்டிக் கதவை வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாட்டினோம். கீழ ஒரு முழம் அறுத்து, வெளிய இருந்து கையை விட்டு எடுக்கற மாதிரி தாழ்ப்பாளைக் கீழ இறக்கினோம். குவாட்டர்ஸ் கதவு, கேட்டா கரையான் அரிச்சுதுன்னு சொல்லிக்கலாம்னார். வெளிய ஒரு ஆணி அடிச்சு அவரோட கைலிச் சாரத்தை மாட்டினார். போர்வை வாங்கற வரைக்கும் அது கிடக்கட்டும்னார். திங்கக்கிழமை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னும் சொல்லியிருக்கார். ஆபீஸ்ல என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல. அந்தப் பயம் அப்படியேதான் இருக்கு.

நேத்து அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்தேன். தூக்கம் வரல. கீழ் இடைவெளி வழியா வராந்தா வெளிச்சம் தரையில விழுந்துக்கிட்டே இருந்துச்சு. விடியற நேரத்துல கண் அசந்துட்டேன் போல. வெளிய செருப்புச் சத்தம் வந்து நின்னுச்சு. இப்ராஹீமோட கால் ரெண்டும் தெரிஞ்சுச்சு. குனிஞ்சு பார்த்துடுவாரோன்னு இருந்துச்சு. பார்க்கல.

"மருதப்பன்"னு கூப்பிட்டார்.

என் பேர்தான், அக்கா. உடனே தெரிஞ்சுச்சு. "இருக்கேன்"னு சொன்னேன். கால் ரெண்டும் நகர்ந்து குழாயடிப் பக்கம் போச்சு.

மருதப்பன்